ஞானக்கண்ணும் மின்கம்பியும்

இசைக்கு உருவம் உண்டு, நிறமும் உண்டு, ஆனால் அஃது எல்லார் கண்ணுக்கும் தெரியாது, ஞானக்கண் படைத்த சிலருக்கு மட்டுமே தெரியும் என்று அடித்துக் கூறிய நூல் ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. எழுதியவர்கள் அன்னி பெசண்ட் அம்மையாரும் லெட்பீட்டரும். மாதாகோவிலுக்குள்ளே ஆர்கன் ஒலிக்கிறதாம். கூரைக்கு மேலே வானில் வண்ணவண்ணமாக ஒரு வடிவம் பொங்கி எழுகிறதாம்! மெண்டல்சன் இசைக்கு ஒரு வடிவம், கூனோ இசைக்கு ஒரு வடிவம், வாக்னர் இசைக்கு ஒரு வடிவம் என வண்ணப் படங்களையே நூலில் சேர்த்துக் காட்டினர்.

கண்டதாகச் சொன்னவர் மிகச் சிலர். நம்பவேண்டியவரோ மிகப் பலர். எமக்கு ஏன் தெரியவில்லை என்று ஒருவன் கேட்பானேயாகில், உன் பார்வை இன்னும் திறக்கவில்லை என்பதே விடை. இந்த விடையை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். கருவறைக்குள்ளே நடப்பது என்ன என்று வாயிலில் நின்று கேட்டவனுக்குக் கிடைத்ததும் இதே விடைதானே! அம்மையார் தலைமை தாங்கிய பிரம்மஞான சபையின் தலைமையிடம் 1882 முதல் நமது அடையாற்றில் இருந்து வருகிறது. நீதிக்கட்சியாரும் அம்மையாரும் எவ்வாறு மோதினர் என்பதை இயக்க வரலாறு பயின்ற தோழர்கள் அறிவர்; அதை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

அந்தச் சபையின் கருத்துகள் கடல் கடந்தும் பரவின. ருசிய நாட்டு இசைமேதை ஸ்கிரியாபின், சபையின் நிறுவனருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் எழுத்தில் மூழ்கியவர். 1910இல் அவர் முடித்த ‘பிரமீதியஸ்’ என்னும் இசைப்படைப்பில் ஒலி தரும் கருவிகளோடு நிறம் தரும் விசைப்பலகை ஒன்றுக்கும் தனி வரி எழுதினார். 1915இல் நியூயார்க் நகரத்துக் கார்னகி அரங்கில் வண்ண ஒளியோடு அஃது அரங்கேறியது. அத்துடன் அவர் நின்றாரா? இமயமலை அடிவாரத்தில் ஏழு நாள் நடக்கும் மாபெரும் இசைச் சடங்கு ஒன்று நடத்துவது, அதன் முடிவில் இவ்வுலகம் அழிந்து மாந்தர் உயர்பிறவி எய்துவது என்று திட்டமிட்டார்! சடங்கு நடக்கவில்லை; 1915இல் ஸ்கிரியாபின் மறைந்தார்; இமயம் அப்படியே இருக்கிறது. அவருடைய இசை பெரிது, ஐயமில்லை. அதனைச் சூழ்ந்த புகையைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

ஒலியையும் ஒளியையும் ஒன்றாக்கும் இந்த ஆசையில் தவறொன்றும் இல்லை. நியூட்டனே 1704இல் வெளியிட்ட தமது ஒளியியல் நூலில் வானவில்லின் நிறங்களை ஏழெனக் கொண்டு இசையின் ஏழு சுரங்களோடு பொருத்திப் பார்த்தார். ஆசை அறிவாளரிடமும் இருந்தது, ஆன்மீகத்தாரிடமும் இருந்தது. அதை நிறைவேற்றியது எது என்பதே நமது கேள்வி. ஞானக்கண்ணா? மின்கம்பியா?

1970களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சிறு கூட்டம், மின்னிசையையும் மின்னால் உருவாக்கிய படத்தையும் மக்கள் முன்னிலையில், அந்தக் கணத்திலேயே, சேர்த்து நிகழ்த்திக் காட்டியது. பெசண்ட் அம்மையாருக்கு மறுப்புரைக்கப் புறப்பட்டவர்கள் அல்லர் அவர்கள். ஆனால் அவர் சிலருக்கு மட்டும் உரியதென்று பூட்டி வைத்த காட்சியை இவர்கள் எல்லார் கண்ணுக்கும் எட்டுமாறு திரையில் இட்டனர். பிறகு அதனைச் செய்யும் முறையையும் எழுதிக் கொடுத்தனர். அம்முறை எத்தகையது என்பதைச் சற்றே நின்று பார்ப்போம். புரியாததைப் புகழ்வது நமது வழக்கமன்று.

ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, அதற்கேற்பக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது, காற்று அதிர்கிறது, நாம் ஒலி கேட்கிறோம். பழைய குழல் தொலைக்காட்சிப் பெட்டியிலும் மின்னழுத்தமே ஏறி இறங்குகிறது. ஏறினால் திரையில் அந்தப் புள்ளி வெளுக்கும், இறங்கினால் கறுக்கும். அமெரிக்க முறைப்படி ஒரு படத்துக்கு 525 கோடுகள். நொடிக்கு 30 படங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரையப்படுவதால் திரை மேலிருந்து கீழ்வரை நொடிக்கு 60 முறை வருடப்படுகிறது.

இனி, நொடிக்கு 60 முறை துடிக்கும் மின்னழுத்தம் ஒன்றை எடுத்து, ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பியும் படக்குறியோடு கலக்க ஒரு கம்பியுமாகச் செலுத்துவோம். காதுக்குத் தாழ்ந்த ஒரு முரல் ஒலி. கண்ணுக்கோ, திரையின் குறுக்கே அகன்ற ஒரே ஒரு பட்டை, அசையாமல் நிற்கும். 120 ஆக்கினால் ஒலி ஒரு தானம் ஏறும், பட்டைகள் இரண்டாகும். 180 ஆக்கினால் மூன்று. 61 ஆக்கினால் என்ன ஆகும்? பட்டை நிற்காது, மெல்ல நகரத் தொடங்கும், நொடிக்கு ஒரு முறை திரையைக் கடக்கும். சுருதி விலகியதைக் காது ஐயுறுவதற்குள் கண் சொல்லிவிடும்!

இதில் மந்திரம் எங்கே? மாயம் எங்கே? ஒரே மின்னழுத்தம் இங்கே ஒலியாகவும் அங்கே ஒளியாகவும் வெளிப்படுகிறது. இசைக்கு இன்ன நிறம் என்று எவரும் அருள்வாக்குச் சொல்லவேண்டியதில்லை. ஐயமிருப்பவன் குமிழைத் திருகிப் பார்க்கலாம். அடையாற்றுக் காட்சிக்கும் சிகாகோக் காட்சிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் குமிழில்தான் இருக்கிறது.

மின்னழுத்தத்தால் ஒலியை ஆளும் சிந்தசைசர் கருவியை ராபர்ட் மோக் 1964இல் செய்து காட்டினார். கலிபோர்னியாவில் டான் புக்லா அதே காலத்தில் வேறொரு வகையைச் செய்தார். சிறுசிறு பெட்டகங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும், கம்பிகளால் எதையும் எதனோடும் இணைக்கலாம். அதே கருவியில் படத்தையும் செய்துவிடலாமே என்றால், முடியாது. காதின் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. தொலைக்காட்சிப் படத்துக்கோ நொடிக்கு ஏறத்தாழ 42 இலட்சம் வரை வேண்டும். இருநூறு மடங்கு விரைவான சுற்றுகளைப் புதிதாகவே அமைத்தாக வேண்டியிருந்தது.

அமைத்தவர் பலர். கொரியாவிற் பிறந்த நாம் ஜூன் பைக், ஜப்பானியப் பொறியாளர் ஷூயா அபேயோடு சேர்ந்து செய்த கருவியைக் கொண்டு, 1970 ஆகஸ்டு முதல் நாள் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் பீட்டில்ஸ் பாடல்களோடு நான்கு மணி நேரம் நேரடியாகப் படம் கூட்டினார். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் பெக், கேமராவே இல்லாமல் மின்னிலிருந்தே வடிவும் வண்ணமும் பிறப்பிக்கும் கருவியைச் செய்து, 1972, 1973 ஆண்டுகளில் ‘ஒளியூட்டிய இசை’ என்ற பெயரில் நேரடியாக வாசித்தார். ஆம், வாசித்தார் என்றே சொல்லவேண்டும். பக்கத்தில் புக்லா கருவியில் வார்னர் ஜெப்சன் ஒலி எழுப்பினார். கருவி அருமையானது. எனினும் அந்நாளையக் கலிபோர்னியாவில் இத்தகைய நிகழ்ச்சிகளைச் சுற்றித் தியானம், உள்ளொளி, கீழ்த்திசை ஞானம் என்னும் பேச்சு தழைத்து நின்றது. நாம் இங்கே உதற முயலும் சுமையை அங்கே விலை கொடுத்து வாங்கினர்!

சிகாகோவுக்கு வருவோம். டான் சாண்டின் இயற்பியல் பயின்றவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் 1969 முதல் கலை கற்பித்தவர். மாணவர் ஆர்ப்பாட்டங்களுக்குத் துணை நின்ற நாள்களிலேதான் அவருக்கு வீடியோவில் நாட்டம் பிறந்தது. இந்தச் செய்தியைத் தோழர்கள் நினைவில் வைக்கவேண்டும். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம். மோக் கருவி ஒலிக்குச் செய்வதைப் படத்துக்குச் செய்யும் கருவி ஏன் இருத்தலாகாது என்று கேட்டார். 1971இல் தொடங்கி 1973இல் முடித்தார். ‘இமேஜ் பிராசசர்’ என்று பெயர். உருவத்தைப் பதப்படுத்தும் பொறி என்று நாம் சொல்லலாம்.

அதன் உள்ளுறுப்புகள் எளியவை. ஒரு பெட்டகம் இரண்டு படங்களைக் கூட்டும் அல்லது பெருக்கும். ஒன்று ஒப்பிடும்; குறித்த அளவுக்கு மேற்பட்ட வெளிச்சம் அனைத்தும் வெள்ளை, கீழ்ப்பட்டது அனைத்தும் கறுப்பு. ஒன்று வெளிச்சத்தைப் படிபடியாகப் பிரிக்கும்; ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு நிறம் தரலாம். ஒன்று வெளிச்சம் சட்டென மாறும் இடத்தை மட்டும் பிடித்து விளிம்பாகக் காட்டும். 1973இல் சாண்டின் பதிவு செய்த ‘பொறிக்குள் ஐந்து நிமிட உலா’ என்னும் வீடியோவில் தம் முகத்தையே இந்தப் பெட்டகங்களுக்குள் செலுத்திக்கொண்டு, இப்போது இதைச் செய்கிறேன், இப்போது இஃது ஆகிறது என்று பேசிக்கொண்டே போகிறார். முகம் கறுப்பு வெள்ளைத் திட்டாகிறது. பிறகு வண்ணப் படிகளாகிறது. பேச்சு மட்டும் ஆசிரியர் பேச்சாகவே இருக்கிறது. விடையை மட்டும் சொல்லிவிட்டு நகராமல், கணக்கின் ஒவ்வொரு வரியையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார். சிகாகோவிலிருந்து வந்த வீடியோக்களுள் நமக்கு மிகவும் பிடித்தது இதுவே. அழகான வீடியோக்கள் வேறு உண்டு. இவ்வளவு நேர்மையானது வேறில்லை.

1973இல் டாம் டிஃபாண்டி அங்கு வந்து சேர்ந்தார். கணிப்பொறித் திரையில் வரையும் உருவங்களை உடனுக்குடன் சுழற்றவும் நகர்த்தவும் ‘கிராஸ்’ என்னும் மொழியை அமைத்தவர் அவர். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் (1977) எதிரிக் கோளின் வரைபடத்தைக் காட்டும் காட்சியை லாரி கியூபா செய்தது இம்மொழியிலேதான். கணிப்பொறித் திரை வெறுங்கோடுகளையே தரும்; அதன் எதிரே ஒரு வீடியோ கேமராவை நிறுத்தி, அந்தக் கோடுகளைச் சாண்டினின் பொறிக்குள் செலுத்தி, அங்கே நிறமேற்றினர். எண்ணால் இயங்கும் கணிப்பொறியும் மின்னழுத்தத்தால் இயங்கும் பொறியும் கைகோத்தன.

இந்தக் கூட்டணி 1975, 1976, 1978 ஆகிய ஆண்டுகளில் ‘மின்னணுக் காட்சி நிகழ்ச்சி’ என்னும் பெயரில் மக்கள் முன்னே வந்தது. ஒருவர் கணிப்பொறியில், ஒருவர் பொறியின் கம்பிகளிடையே, வேறு சிலர் மின்னிசைக் கருவிகளில். முன்கூட்டி முடித்துவைத்த படம் எதுவும் இல்லை. வெட்டி ஒட்டியது இல்லை. கம்பி தவறாகச் செருகப்பட்டால் தவறும் திரையிலே தெரியும். நாடக மேடையில் நடிகன் வசனம் மறந்தால் எப்படியோ அப்படி! திரைப்படக்காரர் மாதக்கணக்கில் மறைவில் உழைத்து முடிவை மட்டும் காட்டுவர். இங்கே உழைப்பும் முடிவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில்.

மகளிர் பங்கையும் குறிப்பிடவேண்டும். பார்பரா சைக்ஸ், ஜேன் வீடர், மிமி ஷெவிட்ஸ் ஆகியோர் இவ்வட்டத்தில் பொறியை ஆண்டும் ஒலியை அமைத்தும் முன்வரிசையில் நின்று படைத்தனர். பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறோம்.

இவையெல்லாம் ஒரு புறம் இருக்கட்டும். நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது பின்வரும் செய்தி. சிகாகோ கலைப்பள்ளியில் வீடியோத் துறையைத் தொடங்கிய ஃபில் மார்ட்டன், சாண்டினின் பொறியைப் பார்த்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். சரி, செய்துகொள்ளுங்கள் என்பது விடை. செய்வது எப்படி? அந்தக் கேள்விக்கு விடையாக இருவரும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றின் வரைபடத்தையும், பாகங்களின் பட்டியலையும், செய்யும் முறையையும் தாள்தாளாக எழுதித் தொகுத்தனர். கேட்டவர்க்குப் படியெடுக்கும் செலவுக்கும் அஞ்சற் செலவுக்கும் கொடுத்தனர். தனி மனிதரும் ஊதியம் கருதாத நிறுவனங்களும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஊதியம் கருதும் நிறுவனங்கள் மட்டும் வந்து பேசி இசைவு பெறவேண்டும். ‘காப்பிரைட்’ என்னும் சொல்லையே மார்ட்டன் திருப்பிப் போட்டார். படியெடுக்கும் உரிமை எமக்கே என்று பொருள்படும் சொல், ‘காப்பி இட் ரைட்’, அதாவது செம்மையாகப் படியெடு என்றாயிற்று! பல கலைப்பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அந்தப் பொறியின் படிகள் எழுந்தன.

எண்ணிப் பாருங்கள். மறையைக் காதால் கேட்ட சூத்திரனின் செவியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த சாத்திரம் உள்ள நாடு இது. கல்வியைக் காவல் போட்டுக் காத்த கொடுமையைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டவர்கள் நாம். ஒருவர் தாம் இரண்டாண்டு உழைத்துக் கண்ட நுட்பத்தை, கேட்டவன் குலமென்ன குடியென்ன என்று பாராமல், தாளில் எழுதி உறையில் இட்டு அனுப்புகிறார் என்றால், அந்தச் செயலின் பெருமை நமக்குப் புரிவதுபோல் பிறருக்குப் புரியுமோ?

ஆனால் அந்தத் தாள்கட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘வழங்கல் மதம்’! நாம் சற்றே திடுக்கிட்டோம். குறும்புக்காக இட்ட பெயர் என்று சிலர் சொல்லக்கூடும். சாண்டின் எழுதிய குறிப்பைப் படித்தால் முற்றிலும் குறும்பாகத் தோன்றவில்லை. ஊதியம் ஈட்டுவதைவிடப் புதியதோர் உணர்வு மலரத் துணைபுரிவதே தம் கடமை என்கிறார், நன்று. உயர்ந்த தொழில்நுட்பக் கருவிகளை மாந்தர் தம் அழகுணர்ச்சியின் வளர்ச்சிக்கும் சமய உணர்வின் வளர்ச்சிக்கும் பயன்படுத்தக் கற்கவேண்டும் என்றும் எழுதுகிறார். இந்த இரண்டாவதை நாம் எப்படி ஏற்போம்? மறைத்து வைப்பதாலேயே வாழ்வது மதம். எல்லாவற்றையும் திறந்து காட்டிய ஒரு செயலுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது, விளக்கேற்றியவன் அதற்கு இருட்டு என்று பேரிட்டதுபோல் இருக்கிறது. தாள்களுள் இருப்பதோ தடையும் மின்தேக்கியும் கம்பியும். எந்தப் பக்கத்திலும் நம்பு என்னும் கட்டளை கிடையாது, செய்து பார் என்பதே இருக்கிறது. பெயரில் நாம் மாறுபடுகிறோம், பொருளில் உடன்படுகிறோம்.

இனிப் படைப்புகளைப் பற்றி. ஏறத்தாழ 1980இல் சாண்டின், டிஃபாண்டி, ஷெவிட்ஸ் மூவரும் செய்த ‘ஸ்பைரல்’ என்னும் படைப்பு புகழ் பெற்றது. நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் தனது வீடியோத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. புள்ளிகளால் ஆன ஒரு சுருள், அது திரும்புகிறது, விரிகிறது, தன் சுவட்டையே இழுத்துக்கொண்டு சுழல்கிறது, நிறம் மாறுகிறது, மின்னொலி உடன் செல்கிறது. அழகு இருக்கிறது. ஒரே உருவத்தை எடுத்துக்கொண்டு அதை விட்டு அகலாத கட்டுப்பாடும் இருக்கிறது. கருவி கைக்கு வந்ததும் அதிலுள்ள வித்தை அனைத்தையும் கொட்டிவிடும் ஆசையை அடக்கியிருக்கிறார்கள். இசை மட்டும் நமக்கு ஒரு படி தாழ்வாகவே படுகிறது. சுருள் முன்னே நடக்கிறது, ஒலி பின்னே வருகிறது. 60க்கும் 61க்கும் இடையே நாம் கண்ட அந்தச் சமத்துவம், ஒலி விலகினால் உருவமும் விலகும் அந்தத் தோழமை, இங்கே குறைவு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மாணவர் ஆர்ப்பாட்டத்திடை வீடியோவைக் கண்டுகொண்டவர் சாண்டின் என்றோமே, அந்த மாணவர்கள் எங்கே? வியட்நாம் போரை எதிர்த்து நாடே கொதித்த காலம் அது. கூட்டத்தின் நடுவே நின்று பார்த்தவரின் திரையில் பத்தாண்டு கழித்து எஞ்சியது ஒரு சுருளா? சுருளைச் சுழற்றினால் எவன் பசி தீரும் என்று நம் தோழர் ஒருவர் நம்மிடமே சீறினார். அவர் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. முகத்தைத் திட்டாக்கவும் விளிம்பாக்கவும் வல்ல பொறி, உழைப்பவன் முகத்தையும் ஊர்வலத்தின் முகத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன என்ன செய்திருக்கலாம்! செய்யவில்லை. ஆயினும் அந்தத் தோழரிடம் நாம் சொன்னது இது: அவர்களுடைய படைப்புகளைத் திரையில் மட்டும் தேடாதீர், தாளில் தேடும். சுருளைக் காட்டிலும் சுற்றின் வரைபடமே பெரிய படைப்பு. ஸ்பைரலைப் பார்த்தவன் பார்வையாளனாகவே எழுந்து போவான். வரைபடத்தைப் பெற்றவன் கலைஞனாகலாம்.

ஆகலாம் என்றோம், எல்லாரும் ஆயினர் என்று சொல்ல இயலாது. தாள் இலவசம், பாகம் இலவசமன்று. ஈயம் பற்றவைக்கத் தெரியவேண்டும். அளவுக் கருவி வேண்டும். மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும். கல்லூரியைச் சார்ந்து வாழ்ந்தவர்க்கே இவை வாய்த்தன. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் எஃகாலைகளிலும் உழைத்தோரின் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தத் தாளைக் கண்டிருப்பர்? கதவைத் திறந்து வைத்தவர்களைப் போற்றுகிறோம். வாசல்வரை வருவதற்கான பாதையை அவர்கள் போடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ட்டன் 2003இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற வீடியோ நாடாக்களையும் தாள்களையும் காக்கும் காப்பகம் ஒன்று, அவர் பணிபுரிந்த அதே கலைப்பள்ளியில் பின்னர் அமைக்கப்பட்டது. ‘வழங்கல் மதம்’ தாள்கட்டு இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது, இப்போதும் விலையில்லை. மின்னணுவியல் பயிலும் தோழர்கள் முழுப் பொறியையும் கட்டத் துணிய வேண்டியதில்லை. ஒப்பிடும் பெட்டகம் ஒன்றை மட்டும் முதலில் செய்து பார்க்கலாம். அந்தத் தாள்களில் 525 என்றும் 60 என்றும் காணும் இடங்களில், நம் நாட்டுப் பழைய குழல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு 625 என்றும் 50 என்றும் மாற்றிக்கொள்ள வேண்டும்.